மார்க் பார்த்து எடுத்த சரக்கு

சிவகாசியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் நிற்பார்கள். ஒன்று, 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை. இன்னொன்று, வெடிவிபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நூறு வருஷமாக ஒரு வேலை ஓயாமல் நடக்கிறது. செய்து முடித்த சரக்கு குடோனுக்கு வரும். ஆர்டர் சீட்டு வரும். சீட்டைப் பார்த்து ஒருவர் சரக்கை எடுப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார், பெட்டி கட்டி, மேலே ஊர் பேர் எழுதி, வண்டி ஏற்றுவார்கள். இந்த வேலைக்கு இதுவரை யாரும் வரலாறு எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. நான் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தவன். முதலில் தீப்பெட்டி, பிறகு பட்டாசு. என் அப்பா விருதுநகரில் ஒரு மண்டியில் சரக்குக் கணக்கு எழுதியவர். இரண்டு தலைமுறை குடோன் எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் குடோன்களில் ரோபோ ஓடித் திரிந்து சாமான் எடுத்துத் தருகிற வீடியோவை இப்போது எல்லோரும் போனில் பார்க்கிறார்கள். “சிவகாசியில் ஏன் இது வரவில்லை? இவ்வளவு பெரிய வியாபாரம், இன்னும் கையால் எடுக்கிறீர்களே” என்று இளவட்டங்கள் என்னிடம் கேட்பது உண்டு. ஓரளவு வந்துதான் இருக்கிறது. வந்த விதம் வேறு. அதைச் சொல்ல விருதுநகரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1923 வரை அந்த ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். ரயில் வருவதற்கு முன்பு வியாபாரம் முழுக்க மாட்டுவண்டியில். வழிப்பறிக்குப் பயந்து, வண்டியும் மாடும் மூட்டையும் ராத்திரி பத்திரமாகத் தங்க மதில் வைத்த பேட்டைகளைக் கட்டினார்கள். சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி என்று எல்லா ஊரிலும் இந்த ஏற்பாடு இருந்தது. பேட்டைக்குள் வந்துபோகிற சரக்குக்கு மகமை என்ற பொதுநிதி வசூல் உண்டு. அந்தப் பணத்தில்தான் கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் வந்தன. ஆக, பேட்டை வாசலில் எத்தனை மூட்டை நுழைந்தது, எத்தனை வெளியே போனது, யாருடையது என்று எண்ணியாக வேண்டும். இந்த வட்டாரத்துக் குடோன் கணக்கின் அடிவேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1876 ஜனவரியில் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறந்தது. மல்லி, வத்தல், பருப்பு, பருத்தி, எண்ணெய் எல்லாம் விருதுபட்டி ஸ்டேஷனில் ஏறவும் இறங்கவும் ஆரம்பித்தன. பல வியாபாரிகளின் மூட்டை ஒரே வேகனில் கிடக்கும். எது யாருடையது? அதற்கு மார்க் வந்தது.

அப்பாவின் மண்டியில் அந்த மார்க்குத் தகடுகள் ஒரு ஆணியில் கோர்த்துத் தொங்கும். பழைய தகரத்தை வெட்டி நடுவில் எழுத்துக் குடைந்திருப்பார்கள். ஒன்றில் வட்டத்துக்குள் இரண்டு எழுத்து, ஒன்றில் டைமனுக்குள் ஒரு எழுத்து, ஒன்றில் முக்கோணம் மட்டும். சாக்கின் வயிற்றில் தகட்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கறுப்பு மையில் தோய்த்த துணிப் பந்தால் ஒரு ஒற்று ஒற்றினால் மார்க் விழுந்துவிடும். மை அதிகமானால் சாக்குக்குள் இறங்கிப் பருப்பில் கறை பிடிக்கும். குறைந்தால் தூத்துக்குடி போவதற்குள் அழிந்துபோகும். அப்பா இதை வேறு யாரிடமும் விட மாட்டார். லோடுமேன்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “டைமனை எல்லாம் இந்தப் பக்கம் போடு, வட்டத்தை அந்தப் பக்கம் போடு” என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், இருட்டுக் குடோனில் கொக்கியை மாட்டி வரிசையாக இழுத்துவிடுவார்கள். மார்க் போட்டது முதலாளியின் உடைமையைக் காட்ட. அதை வைத்துச் சரக்கு பிரிக்கக் கற்றவர்கள் மூட்டை தூக்கியவர்கள்.

இந்த வட்டாரத்துச் சரக்கின் மேல் ஏறிய ஒவ்வொரு அடையாளமும் வேறு யாரோ வேறு காரணத்துக்காக ஒட்டியது. வியாபாரி ஒட்டினார், வரி ஆபீஸ் ஒட்டியது, பிறகு நீதிமன்றத்தால் வந்தது. குடோனில் வேலை செய்தவர்கள் கிடைத்த அடையாளங்களை எல்லாம் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார்கள். எங்கள் ஊர்த் தானியங்கி அந்த முறைதான்.

சிவகாசியில் முதல் தீப்பெட்டித் தொழிற்சாலைகள் கிளம்பியபோது அந்த ஊருக்கு ரயில் கிடையாது. விருதுநகருக்கோ சாத்தூருக்கோ வண்டி கட்ட வேண்டும். 1927-ல்தான் விருதுநகர்–தென்காசி பாதை வந்து, சிவகாசிக்கு ஸ்டேஷன் கிடைத்தது. தொழில் பெருகியதற்கு வறண்ட பூமியையும் மலிவான கூலியையும் காரணம் சொல்கிறவர்கள் இந்த ரயிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீப்பெட்டியின் மேல் லேபிள் உண்டு. மயில், ரோஜா, சிங்கம், கப்பல், விளக்கு. வாங்குகிற ஜனத்துக்கு எழுத்துத் தெரியாது என்பதால் படம் போட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள்; அது உண்மை. எடுத்து அடுக்குகிற ஜனத்துக்கும் அதேதான் நிலைமை என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரே தொழிற்சாலை பத்து ஊருக்குப் பத்து லேபிளில் தீப்பெட்டி அடைக்கும். உள்ளே குச்சி ஒன்றுதான். ஒரிசாவுக்கு ஒரு படம், ஆந்திராவுக்கு ஒரு படம். எங்கள் குடோனில் வரிசைக்கு நம்பர் எழுதி வைத்திருந்தோம். நம்பரை யாரும் பார்த்ததில்லை. “சிங்கத்தில் இருபது பண்டல் இறக்கு” என்றுதான் குரல் போகும்.

1934-ல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் பாண்டரோல் என்ற வரி வில்லையை ஒட்ட வேண்டும். வரி குரோஸ் கணக்கில், அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு. இந்த வில்லையை வாங்கியது எத்தனை, ஒட்டியது எத்தனை, கிழிந்தது எத்தனை என்று கணக்குக் காட்டியாக வேண்டும். ஒரு குச்சி குறைந்தால் முதலாளி பொறுத்துக்கொள்வார், ஒரு வில்லை குறைந்தால் எக்சைஸ் பொறுக்காது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது தினமும் சாயங்காலம் ஆர்.ஜி. 1 ரிஜிஸ்டர் எழுத வேண்டும்: தொடக்க இருப்பு, அன்றைய உற்பத்தி, வெளியே போனது, முடிவு இருப்பு. ஜி.பி. 1 கேட்பாஸ் கிழித்தால்தான் வாசலை விட்டு வண்டி நகரும். சரக்கை விட்டுவிட்டுப் பேப்பரை மட்டும் பார்த்தால் அலுத்துப்போகிற வேலை. ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் இருப்பு ஒத்துப் போக வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால், குடோனில் எந்த மூலையில் எது எத்தனை இருக்கிறது என்பது எந்த நேரமும் எங்களுக்குத் தெரியும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் இருப்புக் காட்டுகிற மென்பொருள் செய்கிற காரியமும் அதுதான்.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். அந்த நாளில் பெட்டி ஒட்டிய, குச்சி அடைத்த, லேபிள் ஒட்டிய விரல்களில் பெரும்பகுதி சின்னப் பிள்ளைகளுடைய விரல்கள். விடியும் முன்னே கிராமங்களுக்கு பஸ் போய் அள்ளிக்கொண்டு வரும். அது அநியாயம். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. பள்ளிக்கூடமும் சத்துணவும் பிள்ளைகளை இழுத்துக்கொள்ள, பெட்டி அடைக்க மிஷின் வந்தது. தீப்பெட்டியில் மிஷின் வந்தது பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பட்டாசு வேறு உலகம்.

இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து லைசென்ஸ் முறை அமைந்தது. 1942-ல் ஸ்டாண்டர்ட் பயர் ஒர்க்ஸ் தொடங்கியது. சேவல் மார்க், அணில் மார்க் என்று பெட்டிப் படங்கள் நாடு முழுக்கப் போயின. ஆனால் தீப்பெட்டிக் குடோனில் செய்த எதையும் பட்டாசுக் குடோனில் அப்படியே செய்ய முடியாது. வெடிமருந்து வேலை நடக்கிற அறையில் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி, அறைக்கும் சரக்கு சேமிக்கிற மேகசினுக்கும் இடைவெளி, எல்லாம் மீட்டர் கணக்கில் லைசென்ஸ் வரைபடத்தில் இருக்கும். செருப்பு வெளியே. இரும்புச் சாமான் ஆகாது, பித்தளை, மரம். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை பகல் வெளிச்சத்தில் மட்டும். மேகசின் கூரையில் இடிதாங்கி. எத்தனை கிலோ வைக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு.

இந்த இடத்துக்குள் மோட்டார் வைத்த கன்வேயர் பெல்ட்டையும் பேட்டரியில் ஓடுகிற ரோபோவையும் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் எப்படி? மோட்டாரின் பொறி, பெல்ட் உரசுகிற மின்னேற்றம், சூடேறுகிற பேட்டரி, இவை ஒவ்வொன்றும் எங்களுக்கு எமன். சிவகாசிக்காரனுக்கு மிஷின் தெரியாமல் இல்லை. இதே ஊரில்தான் ஆப்செட் அச்சகங்கள் ராப்பகலாக ஓடுகின்றன. பட்டாசில் மிஷின் நுழையாததற்குப் பயம் காரணம், அந்தப் பயம் நியாயமானது.

மிஷின் இல்லை. ஆர்டரோ ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விலைப்பட்டியல் வெளியான நாள்முதல் வந்து குவியும். ஒரு லிஸ்டில் நூற்றுக்கு மேல் ரகம். கம்பி மத்தாப்பு மட்டும் 7 செ.மீ., 10, 12, 15, 30. அதில் எலக்ட்ரிக், கலர், பச்சை, சிவப்பு. புஸ்வாணத்தில் சின்னது, பெரியது, ஸ்பெஷல், அசோகா. சரத்தில் 28 சோர்சா, 28 ஜெயன்ட், 56 ஜெயன்ட். எல்லாம் கண்ணுக்கு ஒரே மாதிரி பெட்டி. 10 செ.மீ. எலக்ட்ரிக்குக்கும் 10 செ.மீ. கலருக்கும் லேபிளின் ஓரத்துக் கோட்டில்தான் வித்தியாசம்.

சரக்கு எடுக்கிற பெண்களில் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருத்தங்கல் பக்கத்து ஊர். சீட்டை வாங்கி ஒருமுறை என்னை வாசிக்கச் சொல்வார். பிறகு சீட்டைத் திரும்பப் பார்க்க மாட்டார். லிஸ்டில் மத்தாப்புதான் முதலில் இருக்கும், அவர் அங்கிருந்து ஆரம்பிக்க மாட்டார். கனமான லட்சுமி வெடியும் அணுகுண்டும் முதலில். அவை பெட்டியின் அடியில் போக வேண்டும். அடுத்து தரைச்சக்கரம், புஸ்வாணம். குச்சி முறிகிற ராக்கெட்டும் மத்தாப்பும் கடைசியில், மேலே. குடோனில் அடுக்கியிருந்த வரிசையையே அவர் சொல்லி, அந்த நடைக்கு ஏற்ப மாற்றி வைத்தோம். வாசலில் நுழைந்தால் கனம், போகப் போக லேசு, மறுவாசலில் செக்கிங் மேசை. போன வழியில் திரும்பி வருகிற வேலை இல்லை. லேபிள் மாறிய வருஷத்தில் மட்டும் சிரமம். “கணக்கப்பிள்ளை, சீட்டுல பச்சை பத்துன்னு இருக்கு. பழைய படமா, புதுப் படமா? புதுசுல ரோஜாவை எடுத்துட்டுப் பொம்பளை படம் போட்டுட்டாங்க, கை தானா செவப்புக்குப் போகுது” என்பார். பெரிய பெரிய குடோன்களுக்கு நடைவழி கணக்குப் போட்டுத் தர இன்று கம்பெனிகள் இருக்கின்றன. அவர் அந்தக் கணக்கை நடந்து நடந்து கண்டுபிடித்தவர். முதலாளி அவருக்குத் தீபாவளிக்கு ஒரு சேலை கூடுதலாகக் கொடுத்தார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. அது போதாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கிப்ட் பாக்ஸ் வந்தபிறகு எடுக்கிற வேலையின் முறையே மாறிப்போனது. இந்தத் தொழிலின் பெரிய கண்டுபிடிப்பு என்று மத்தாப்பையோ பேன்சி ரகத்தையோ சொல்ல மாட்டேன். கிப்ட் பாக்ஸைத்தான் சொல்வேன். சில்லறைக் கடைக்காரன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து ரகம், பத்து ரகம் என்று பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பொறுக்கலை முன்கூட்டியே சிவகாசியில் செய்து, மூடி, மேலே படம் ஒட்டி அனுப்பிவிட்டால்? 15 ஐட்டம், 21 ஐட்டம், 25 ஐட்டம் என்று பெட்டி. நீள மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். ஒருவர் முன்னால் ஒரு ரகம்தான் இருக்கும். காலிப் பெட்டி ஒரு முனையில் நுழையும். ஒவ்வொரு கையும் தன் ரகத்தை வைத்து அடுத்தவருக்குத் தள்ளும். கடைசியில் நிற்பவர் மூடுவதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பார். பெட்டிக்குள் எந்தப் பொருளுக்கு எந்த இடம் என்று கச்சிதமாக அமைத்திருப்பதால், ஒன்று விட்டுப்போனால் அங்கே பள்ளம் தெரியும். எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை.

2003-ல் அமெரிக்காவில் கிவா என்ற கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆள் அலமாரியைத் தேடி நடப்பதற்குப் பதில் அலமாரியே ஆளைத் தேடி வரும்படி ரோபோ செய்தார்கள். 2012-ல் அமேசான் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. எங்கள் கிப்ட் பாக்ஸ் மேசையிலும் ஆள் நடப்பதில்லை, பெட்டிதான் நகர்கிறது. எந்த மோட்டாரும் இல்லாமல், பல வருஷம் முன்னாலேயே. பெருமைக்காக இதை எழுதவில்லை; ஒரே சிக்கலுக்கு இரண்டு ஊரில் இரண்டு விடை கிடைத்தது. அவர்கள் விடைக்குப் பேட்டரி வேண்டும், எங்களுக்கு அது ஆகாது.

குடோனுக்கு வெளியே லாரி செட். எல்.ஆர். என்ற லாரி ரசீது போட்டு, அதை பாங்க் மூலம் வெளியூர் வியாபாரிக்கு அனுப்புவோம். அவர் பணம் கட்டி எல்.ஆரை வாங்கினால்தான் அவர் ஊர் லாரி செட்டில் சரக்கு கிடைக்கும். வடநாட்டு ஆர்டர் முதலில் போய்விட வேண்டும், பிறகு ஆந்திரா, கர்நாடகா, கடைசியில் தமிழ்நாடு. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஏற்றுகிற இடத்தில் தார்ப்பாய்க்கே ஒரு ஆள் நிற்க வேண்டும். தீபாவளி நெருங்கினால் லாரி செட்டில் புக்கிங் நிறுத்திவிடுவார்கள். அதோடு குடோன் ஓயும். 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் வந்து, கேட்பாஸ் எழுதிய கைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

அதே வருஷம் அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பசுமைப் பட்டாசு மட்டும்தான், சரவெடி கூடாது, பிளிப்கார்ட், அமேசான் போன்ற தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கவே கூடாது. குடோனில் ஒரு பக்கச் சுவர் நீளத்துக்கு நின்ற சர அடுக்கு போய்விட்டது. 2019-ல் நீரி ஆய்வு நிறுவனம் வழிகாட்டிய பசுமைப் பட்டாசு வந்தபோது பெட்டியில் க்யூ.ஆர். கோடும் வந்தது. உலகத்தில் 1974-ல் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் முதல்முதலாகப் பார்கோடு படித்தது கடைக் கணக்குக்காக. எங்கள் பெட்டிக்குக் கோடு வந்தது, அது போலிப் பசுமைப் பட்டாசு அல்ல என்று காட்டுவதற்காக. சாக்கு மார்க்கும் பாண்டரோலும் வந்த அதே வழி. இதையும் எங்கள் ஜனம் ஒருநாள் சரக்கெடுக்கப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

ஆன்லைன் விற்பனைக்குத் தடை. ஆனால் ஆடி மாதம் போனைத் திறந்தால் நூற்றுக்கணக்கான சிவகாசிப் பட்டாசுத் தளங்கள். ரகத்துக்கு எதிரே எண்ணிக்கை போட்டால் ‘எஸ்டிமேட்’ வரும். பிறகு கடையிலிருந்து போனில் பேசுவார்கள், பணம் வாங்குவார்கள், பார்சல் லாரியில் போகும். பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகிற போலித் தளங்களைப் பற்றி சைபர் கிரைம் போலீஸ் வருஷா வருஷம் எச்சரிக்கிறது. தபாலில் பட்டாசு எடுக்க மாட்டார்கள். ரயிலில் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. ஆகவே எல்லாச் சுமையும் பார்சல் லாரியின் தலையில்.

எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்த மாற்றம்தான். முன்பு ஒரு வியாபாரிக்கு நூறு கேஸ், ஊருக்கு வெளியே, லைசென்ஸ் வாங்கிய குடோனில் ஏறியது. இப்போது நூறு வீட்டுக்கு நூறு பெட்டி, சாத்தூர் ரோட்டிலும் விருதுநகர் ரோட்டிலும் உள்ள கடைகளின் பின்கட்டில், வாடிக்கையாளரும் வண்டியும் நிற்கிற இடத்திலேயே பிரித்துப் பொறுக்கிக் கட்டுகிறார்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அது தொழிற்சாலையில் நடந்தது. 2016 அக்டோபர் 20 அப்படி அல்ல. சிவகாசி பைபாஸில் வண்டியில் பட்டாசு ஏற்றி இறக்குகிற இடத்தில் தீப்பிடித்தது. புகை பக்கத்தில் இருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகுந்து, பட்டாசுக்குச் சம்பந்தமே இல்லாத நோயாளிகளும் ஊழியர்களும் மூச்சுத் திணறி இறந்தார்கள். மருந்து இடிக்கிற அறைக்கு எண்பது வருஷமாக விதி எழுதிக்கொண்டே இருக்கிறோம். சரக்கு எடுத்துக் கட்டி ஏற்றுகிற இடத்துக்கு அதே அக்கறை இன்னும் வரவில்லை.

சின்ன வியாபாரிகளிடம் நான் கேட்பது ரோபோ அல்ல. பொறுக்கிக் கட்டுகிற இடம் கடையை விட்டுத் தள்ளி, இரண்டு வாசலோடு, தனியாக இருக்க வேண்டும். லாரி வாசலில் என்ஜின் அணைத்து நிற்க வேண்டும். மேலிருந்து கீழே தானாக உருண்டு வருகிற, மோட்டார் இல்லாத, மர உருளைச் சரிவு ஒன்று போட்டால் தோளில் கேஸ் சுமக்கிற வேலை பாதி குறையும். ஒரு தச்சர் நான்கு நாளில் செய்துவிடுவார். சீட்டைத் தமிழில், பெரிய எழுத்தில், லேபிள் படத்தோடு, எடுக்கிற வரிசையில் அச்சடித்துத் தரட்டும். எஸ்டிமேட் போடுகிற அதே கம்ப்யூட்டரால் அது முடியும். இன்று வருகிற சீட்டில் கம்பி மத்தாப்பு முதலில் இருக்கிறது, அணுகுண்டு கடைசியில் இருக்கிறது. எடுக்கிற பெண் ஒவ்வொரு ஆர்டருக்கும் அதை மனசுக்குள் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு நடக்கிறார். சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர் என்று அந்தப் பெண்களைக் கேட்டு, கூலியை அந்தக் கணக்கில் போட வேண்டும்.